நூலகப் பேராசான் சீர்காழி இரங்கநாதனார்

செல்வங்களுள் தலையாயது அறிவுச் செல்வம் என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. ஆயினும் அச்செல்வம் ஓரிடத்தே குவிந்து கிடத்தலால் மட்டும் ஒருவர்க்குப் பயன்பட்டு விடுவதில்லை. ஊருணியில் நீர் ததும்பி நிற்பினும், படித்துறை அறியாதவன் தாகத்தோடுதான் திரும்புவான். ஆண்டுதோறும் கல்லூரி திறக்கும் நாளில் புதிதாகப் புகும் மாணாக்கர், நூலகத்தின் வாயிலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, எங்கே தொடங்குவது, யாரைக் கேட்பது என்றறியாமல் திகைத்து மீள்வதை யாம் கண்டிருக்கின்றோம். அவர்தம் திகைப்பைக் குறைபாடென்று பழியாது, அதனை நீக்குதல் நூலகத்தின் முதற்கடன் என்று கருதி, அதற்கு முறையும் வகுத்துத் தந்த பெரியார் ஒருவர் நம் தமிழ்நாட்டிலே தோன்றினார். அவரே சீர்காழி இராமாமிர்தம் இரங்கநாதனார். அன்னாருடைய வரலாற்றை, கல்லூரி மாணாக்கர்க்குப் பயன்படும் பகுதிகளைச் சற்றே விரித்தும் ஏனையவற்றைச் சுருக்கியும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

சோழ வளநாட்டில், திருஞானசம்பந்தர் தோன்றிய பெருமை வாய்ந்த சீர்காழியில், 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இரங்கநாதனார் பிறந்தார். தந்தையார் இராமாமிர்த ஐயர். தாயார் சீதாலட்சுமி அம்மையார். மகனுக்கு ஆறு வயது நிரம்பிய காலத்திலேயே தந்தையார் காலமானார். தொடக்கக் கல்வியும் உயர்நிலைக் கல்வியும் சீர்காழியிலேயே நிகழ்ந்தன. இளமை தொட்டே அவர்க்குத் திக்குவாய் இருந்தது. சொல்ல எண்ணியது நெஞ்சில் தெளிவாக நிற்க, நா தடுமாறும். இக்குறை பிற்காலத்தில் ஆசிரியராய் மேடையேறிய அவரை வருத்தியதும், இடையறா முயற்சியால் அதனை அவர் படிப்படியாக வென்றதும் நாம் நினைவிற் கொள்ளத்தக்கன.

1909ஆம் ஆண்டில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் சேர்ந்தார். அக்கல்லூரி தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது 1937இல். அந்நாளில் அது சென்னை நகரின் நெருக்கம் மிகுந்த பகுதியிலேயே நடைபெற்று வந்தது. அங்கே கணிதப் பேராசிரியராய் விளங்கிய எட்வர்ட் ராஸ் என்பாரிடம் பயிலும் பேறு அவர்க்கு வாய்த்தது. நல்லாசிரியர் ஒருவர் மாணாக்கன் ஒருவனுடைய வாழ்நாள் முழுவதையும் எவ்வாறு ஒளிபெறச் செய்வர் என்பதற்கு இவ்விருவருடைய தொடர்பே சான்றாகும். 1913இல் பி. ஏ. பட்டமும் 1916இல் எம். ஏ. பட்டமும் கணிதத்திலே பெற்றுக் கல்லூரியை விட்டு வெளியேறிய பின்னும், இரங்கநாதனார் ராஸ் அவர்களைத் தம் குருவாகவே போற்றி வந்தார்.

ஆசிரியப் பணி

பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எல். டி. பட்டம் பெற்று, 1917 முதல் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் அரசினர் கல்லூரிகளிற் கணிதம் கற்பித்தார். 1921இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். கணிதத்தின் வரலாறு பற்றிச் சில ஆராய்ச்சிக் கட்டுரைகளும் எழுதினார். கற்பித்தலே அவர்க்கு உயிரான தொழில். இளைஞர் நடுவே நின்று, ஒரு கணக்கின் முடிச்சு அவிழும்போது அவர்தம் முகம் மலர்வதைக் காண்பதே அவர் விரும்பிய இன்பம். வேறொரு தொழிலுக்குப் போவோம் என்பதை அவர் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்.

மனம் ஒவ்வாத பதவி

1923ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் நூலகர் பதவி ஒன்றை ஏற்படுத்தினர். ஒழுங்கின்றிக் கிடந்த நூல்களைச் சீர்செய்ய ஒருவர் வேண்டியிருந்தது. விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 900 பேர் என்பர். அவர்களுள் நூலகத் தொழிலை முறையாகப் பயின்றவர் ஒருவரும் இலர். இரங்கநாதனாரும் விண்ணப்பம் அனுப்பினார். அனுப்பியதை மறந்தும் விட்டார். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தபின், கலைக்களஞ்சியம் ஒன்றில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்ததே அவர் செய்துகொண்ட ஆயத்தம். ஆராய்ச்சிப் பழக்கம் உடையவர் என்னும் காரணத்தால் அவரே தேர்ந்தெடுக்கப் பெற்றார். 1924ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பதவி ஏற்றார்.

ஏற்ற சில நாட்களிலேயே அவருடைய மனம் சோர்ந்தது. வகுப்பறையின் கலகலப்பில் வாழ்ந்தவர்க்கு, வருவார் அரிதான அந்நூலகத்தின் தனிமை சிறைவாசம் போலத் தோன்றியது. அடுக்கிய நூல்கள் ஒருபுறம். அவற்றைத் தேடி வாராத மக்கள் ஒருபுறம். இடையே செய்வதறியாது ஒரு கணித ஆசிரியர். மேலதிகாரிகளிடம் சென்று, தமக்குப் பழைய ஆசிரியப் பணியையே திருப்பித் தருமாறு வேண்டினார். அவர்களோ ஓர் உடன்பாடு செய்தனர். இங்கிலாந்து சென்று நூலகக் கலையைப் பயின்று வருக. வந்தபின்னும் மனம் இசையாவிடின் கணித ஆசிரியப் பதவி உமக்கே உரியதாகும் என்பது அதன் சாரம். இரங்கநாதனாரும் உடன்பட்டார். மீண்டு வந்து வகுப்பறை புகலாம் என்னும் நம்பிக்கையே அவரைக் கப்பலேற்றியது என்று கூறினும் இழுக்காது.

சீமைப் பயணம்

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அக்காலத்து நூலகக் கலைக்கென ஒரு பள்ளி இருந்தது. அங்கே விரிவுரையாற்றி வந்தவருள் ஒருவர், குராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைவராகிய பெர்விக் சேயர்ஸ் என்பவர். அவருடைய வழிகாட்டுதலால் இரங்கநாதனார் இங்கிலாந்தின் நூலகங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்தார். ஆண்டுச் சென்றபின்தான் அவருடைய கண் திறந்தது. நூலகம் என்பது புத்தகக் கிடங்கன்று என்பதும், தொழிலாளியும் இல்லத்தரசியும் பள்ளிச் சிறுவனும் வந்து தமக்கு வேண்டுவதைத் தாமே கற்றுக்கொள்ளும் கலாசாலை என்பதும் அவர்க்கு அங்கே புலனாயின. தாம் எதனைப் பிரிந்ததாக வருந்தினாரோ அந்தக் கற்பித்தற் றொழிலே வேறு உருவில் தமக்கு முன் நிற்பதை அவர் கண்டார்.

கணித அறிஞராதலின் நூல்களை வகைப்படுத்தும் சிக்கல் அவருடைய உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. அந்நாளிற் பெருவழக்காயிருந்த பதின்கூற்றுப் பகுப்பு முறையில், பொருள்களுக்கெல்லாம் முன்னரே கட்டிய அறைகள் போன்று எண்கள் குறிக்கப் பெற்றிருந்தன. இரண்டு மூன்று பொருள்களைத் தழுவிய நூல் ஒன்று வந்தால், அஃது எந்த அறையிலும் முற்றப் பொருந்தாது இடர்ப்படும். இதற்கு என்ன வழி என்று சிந்தித்துக்கொண்டிருந்த வேளையில், இலண்டனிற் பெரிய கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியை அவர் கண்டார். சில தகடுகள், சில சக்கரங்கள், சில திருகாணிகள். இவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டி எத்தனையோ பொறிகளைச் செய்ய முடிந்தது. நூற்பொருளையும் அவ்வாறே சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியவாறு இணைத்து எண் கொடுக்கலாம் என்னும் கருத்து அவர் உள்ளத்தில் உதித்தது. தாயகம் திரும்பும் வழியிலே, கப்பலில் இருந்த சிறு நூலகத்தின் நூல்களையே கொண்டு தம் முறையைச் சோதித்துப் பார்த்தனர் என்பர்.

1925இல் சென்னை திரும்பிய இரங்கநாதனார் கணித ஆசிரியப் பதவியைக் கேட்கவில்லை.

ஐந்து விதிகள்

அதன்பின் ஏறக்குறைய 20 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழக நூலகமே அவர்க்கு இல்லமாயிற்று. ஓய்வு நாள் என்பதொன்றை அவர் அறியார். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் உழைத்தார் என்று அவரை அறிந்தோர் கூறுவர். திருமண நாளன்றுகூடப் பிற்பகலில் நூலகத்திற்கு வந்துவிட்டார் என்னும் செய்தி வியப்பையும், அவருடைய இல்லத்தாரிடத்து நமக்குச் சிறிது இரக்கத்தையும் ஒருங்கே தருவதாகும்.

செய்யும் செயல்கள் பலவாயினும் அவற்றையெல்லாம் ஆளும் அடிப்படை விதிகள் சிலவே இருத்தல் வேண்டும் என்பது கணித அறிஞர் கொள்கை. நூலகத் தொழிலுக்கு அத்தகைய விதிகள் யாவை என்று இரங்கநாதனார் பல நாள் எண்ணி மயங்கினார். அப்பொழுது ஒருநாள் அவருடைய பழைய ஆசிரியராகிய ராஸ் அவர்களிடம் இம்மயக்கத்தைக் கூற, நூல்கள் பயன்படுவதற்கே உரியன என்பதே முதல் விதியாகும் என்று அவ்வாசிரியர் எளிதாக எடுத்துரைத்தனர் என்பர். அம்முதல் விதி கிடைத்ததும் மற்றவை தாமே தொடர்ந்தன. வாசகர் ஒவ்வொருவர்க்கும் அவரவர்க்கு ஏற்ற நூல் கிட்டுதல் வேண்டும். நூல் ஒவ்வொன்றிற்கும் அதற்குரிய வாசகர் வாய்த்தல் வேண்டும். வாசகருடைய காலம் வீணாகலாகாது. நூலகம் உயிருள்ள உடல் போல என்றும் வளர்வது. இவ்வைந்தனையும் விளக்கி அவர் எழுதிய நூல் 1931இல் சென்னை நூலகச் சங்கத்தாரால் வெளியிடப் பெற்றது.

இவை மிக எளிய உண்மைகள் அல்லவா என்று சிலர் நகைக்கலாம். ஆனால் ஐரோப்பாவில் இடைக்காலத்து நூல்களைச் சங்கிலியாற் பிணைத்து வைத்திருந்தனர் என்பதையும், நம் நாட்டிலும் நூல்கள் பூட்டிய அலமாரிகளிற் கண்ணாடி வழியே காட்சி தந்த காலம் நெடிது என்பதையும் எண்ணிப் பார்ப்போர்க்கு, முதல் விதியின் அருமை விளங்கும். இரங்கநாதனார் தம் நூலகத்தில் வாசகர் தாமே அடுக்குகளுக்குச் சென்று நூல்களை எடுத்துப் பார்க்க வகை செய்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். வாசகர்க்கு உதவுவதையே தொழிலாகக் கொண்ட பணியாளரை அமர்த்தினார். 1936இல் கடற்கரையை அடுத்துப் பல்கலைக்கழக நூலகத்திற்கெனப் புதிய கட்டடமும் எழுந்தது.

அவருடைய நோக்கம் கற்றோர் கூட்டத்தோடு நின்றுவிடவில்லை. 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கத்தின் செயலாளராய் நெடுங்காலம் உழைத்தார். 1931இல் மன்னார்குடிப் பகுதியில், கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளரின் முயற்சியால், மாட்டு வண்டியிலே நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு செல்லும் நடமாடும் நூலகம் தொடங்கியது. வாசகன் நூலைத் தேடி வாரானாயின் நூல் வாசகனைத் தேடிச் செல்லட்டும் என்னும் அவ்வியக்கத்தின் கொள்கைக்கு இதனினும் அழகிய எடுத்துக்காட்டு வேறு வேண்டுமோ?

புதுமாணாக்கர்க்கு முதற்பாடம்

இனி, கல்லூரி மாணாக்கராகிய நாம் ஊன்றி நோக்க வேண்டிய பகுதிக்கு வருகின்றோம். நூலகத்திற் புதிதாக அடியெடுத்து வைப்பவனை இரங்கநாதனார் விருந்தினனாகக் கருதினார். 1940, 1941ஆம் ஆண்டுகளில், உடனாசிரியரோடு சேர்ந்து, வாசகர்க்கு உதவும் பணி பற்றி அவர் வெளியிட்ட பெருநூலில், அப்பணியைச் சில வகைகளாகப் பிரித்துக் காட்டினார். உடனுக்குடன் விடை கூறத்தக்க கேள்விகளுக்கு உதவுதல் ஒன்று. நாட்கணக்கில் தேடித் தொகுத்துத் தர வேண்டிய கேள்விகளுக்கு உதவுதல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் முன்னதாகப் புதுமாணாக்கரை நூலகத்திற்கு அறிமுகம் செய்து வைத்தலைத் தனியொரு கடமையாகவே அவர் வைத்தார். நூலகத்தின் அமைப்பு, நூற்பட்டியலைப் பார்க்கும் முறை, நூலின் மேல் எழுதிய எண்ணின் பொருள், அகராதியும் கலைக்களஞ்சியமும் போன்ற நோக்கு நூல்களைக் கையாளும் வகை ஆகியவற்றை முதலிலேயே கற்பித்துவிட்டால், பிறகு அவர்கள் தம் காலிலே நிற்பர் என்பது அவர் துணிபு. 1942இல் பள்ளி, கல்லூரி நூலகங்களைப் பற்றித் தனியே ஒரு நூலும் எழுதினார்.

இதன்கண் அடங்கிய நுட்பத்தை யாம் சற்று விளக்குவோம். மீனைப் பிடித்துக் கொடுப்பதினும் வலை வீசக் கற்றுக் கொடுப்பது மேல் என்பதை யாவரும் அறிவர். ஆயின் ஆற்றுக்கு ஒரு வலை, கடலுக்கு ஒரு வலை. வேதியியல் பயில்பவன் நாட வேண்டிய கருவி நூல்கள் வேறு. வரலாறு பயில்பவன் நாட வேண்டிய ஆவணங்களும் கல்வெட்டுத் தொகுதிகளும் வேறு. இலக்கியம் பயில்பவனுக்கு நிகண்டும் பதிப்பு வரலாறும் வேண்டும். எல்லோரையும் ஒரே மண்டபத்தில் அமர்த்தி ஒரே உரையை ஒருமுறை ஆற்றிவிட்டால், கேட்ட செவி மறந்துவிடும். தன் பாடத்தில் தனக்கெழுந்த கேள்விக்குத் தானே விடை தேடும்போதுதான் தேடும் கலை கைவரும். வாசகர் ஒவ்வொருவர்க்கும் அவரவர் நூல் என்னும் இரண்டாம் விதியைக் கற்பித்தலுக்கு ஏற்றிச் சொல்லின், மாணாக்கர் ஒவ்வொருவர்க்கும் அவரவர் பாடத்திற்கேற்ற பயிற்சி என்றாகும்.

கேள்வியைப் பகுக்கும் கலை

தேடுவதற்கு முன் கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இதற்கு இரங்கநாதனாருடைய பகுப்பு முறையே சிறந்த துணையாகும். 1933இல் வெளியான அம்முறை, கூறுகளைப் பிரித்துக் காட்ட முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியமையால் அதன் ஆங்கிலப் பெயராகிய கோலன் என்பதாலேயே வழங்கலாயிற்று. பின்னர் அதனைச் செம்மை செய்தபோது, எப்பொருளையும் ஐந்து வகைக் கூறுகளால் ஆராயலாம் என்று அவர் கண்டார். முதன்மைப் பொருள் எது, அது எதனால் ஆயது, அதன்பால் நிகழும் செயல் யாது, எவ்விடத்து, எக்காலத்து என்பன அவை.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். வேளாண்மை பயிலும் மாணாக்கன் ஒருவன், நெல்லைப் பற்றி நூல் வேண்டும் என்று கேட்கிறான் என்க. நூலகத்தில் அதைப்பற்றி நூற்றுக்கணக்கான நூல்கள் இருக்கும். அவன் மலைத்துப் போவான். அவனை மெல்ல வினவினால், அவன் உண்மையில் வேண்டுவது 1940க்கும் 1950க்கும் இடையே தஞ்சை மாவட்டத்தில் நெற்பயிர் நோய்களைத் தடுத்த முறை பற்றிய செய்தி என்று வெளிப்படும். இப்போது பொருள் நெல், செயல் நோய் தடுத்தல், இடம் தஞ்சை, காலம் அப்பத்தாண்டு. கேள்வி இவ்வாறு பிரிந்தவுடன் விடை கிடைக்கும் இடமும் துலங்கிவிடுகிறது. தேடத் தெரியாமையால் அன்று, கேட்கத் தெரியாமையாலேயே பலர் வெறுங்கையராய் மீள்கின்றனர் என்னும் உண்மையை இதனால் அறிகின்றோம்.

பிற்கால வாழ்க்கை

நூலகர்களைப் பயிற்றும் பணியையும் அவர் 1929 முதலே மேற்கொண்டிருந்தார். நூலகச் சங்கம் தொடங்கிய அப்பயிற்சியை 1931இற் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. கணிதம் கற்பிக்க விரும்பியவர் இவ்வாறு மீண்டும் ஆசிரியரே ஆயினர். மாணாக்கரும் பாடமுமே மாறினர்.

அவர் குறையே இல்லாதவர் என்று யாம் புகழோம். தம் கொள்கையில் விட்டுக்கொடாத உறுதி அவர்க்கு வலிமையாயிருந்தது போலவே சில வேளைகளில் இடையூறாகவும் முடிந்தது. கருத்து வேறுபாடுகளால் மனம் நொந்து, தாம் வளர்த்த சென்னை நூலகத்தை விட்டு அவர் விலகினார். ஐம்பது வயதைக் கடந்தபின் நேர்ந்த அப்பிரிவு அவரைப் பெரிதும் வாட்டியது. எனினும் 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அங்கே ஏறத்தாழ 1,00,000 நூல்களைத் தம் கையாலேயே வகைப்படுத்தினார் என்பது வியக்கத்தக்கது. பின்னர்த் தில்லிப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றினார். சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்து நாட்டுச் சூரிக் நகரில் இருந்து நூல்கள் எழுதினார்.

அவர் பல்லாண்டு வற்புறுத்தி வந்த பொது நூலகச் சட்டம், 1948இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சராயிருந்தபோது சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்துறையில் எழுந்த முதற் சட்டம் அதுவே. 1957இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. வாழ்நாளெல்லாம் சிக்கனமாக வாழ்ந்து சேர்த்த பொருளில் 1,00,000 ரூபாயை, தம் மனைவியார் சாரதா அம்மையார் பெயரால் நூலகவியற் பேராசிரியர் பதவி ஒன்று நிறுவுமாறு, தாம் மனம் நொந்து நீங்கிய அதே சென்னைப் பல்கலைக்கழகத்திற்கே அளித்தார். கசப்பை மறந்து கடமையை நினைந்த இச்செயல் அவருடைய பெருந்தகைமைக்கு அளவுகோலாகும். 1962இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை நிறுவினார். 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக அரசு அவரைச் சிறப்பித்தது. 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். ஆண்டுதோறும் ஆகஸ்டு 12ஆம் நாள் நூலகர் நாளாக நம் நாட்டிற் கொண்டாடப் பெறுகிறது.

நாம் கொள்ள வேண்டுவது

அவர் மறைந்து இரண்டாண்டு கழித்து, 1974இல், அமெரிக்க நாட்டில் பால் சுர்கோவ்ஸ்கி என்பவர் தகவல் எழுத்தறிவு என்னும் சொற்றொடரை வழக்கிற்குக் கொணர்ந்தார். வேண்டிய செய்தியை அறிந்து தேடி, ஆராய்ந்து, நேர்மையாகப் பயன்படுத்தும் திறமே அதன் பொருள். பெயர் புதிது, பணியோ சென்னையிலே முன்னரே தொடங்கிவிட்டது. இன்று நூற்பட்டியல் கணினித் திரைக்கு வந்துவிட்டது. ஒரு சொல்லைத் தட்டினால் இலட்சக்கணக்கான விடைகள் கொட்டுகின்றன. முன்னாளில் நூல் கிடைக்காமையால் இடர்ப்பட்டோம். இந்நாளில் அளவுக்கு மிஞ்சிக் கிடைப்பதால் இடர்ப்படுகின்றோம். பதருக்கும் நெல்லுக்கும் வேறுபாடு காண்பதே இப்போது வேண்டுவது.

ஆதலின் கல்லூரிகள் இணையவழியே இப்பயிற்சியை அமைக்கும்போது, இரங்கநாதனாருடைய விதிகளையே கடைக்காலாகக் கொள்ளலாம் என்பது எம் கருத்து. பாடம் ஒவ்வொன்றிற்கும் தனித்தனிப் பயிற்சி வகுக்க வேண்டும்; பாட ஆசிரியரும் நூலகரும் கூடி அதனை அமைக்க வேண்டும்; மாணாக்கன் தன் வகுப்புக் கட்டுரைக்கு உண்மையாகவே தேட வேண்டிய கேள்வியையே பயிற்சியாக வைக்க வேண்டும்; அவன் காலம் வீணாகாதவாறு ஒவ்வொரு பகுதியும் சுருங்கியிருக்க வேண்டும்; நூலகம் வளர்வது போலவே பயிற்சியும் ஆண்டுதோறும் புதுக்கப்பட வேண்டும். கருவி எதுவாயினும், திகைத்து நிற்கும் மாணாக்கன் அருகில் ஒருவர் சென்று, என்ன வேண்டும் தம்பி என்று அன்போடு கேட்பதற்கு ஈடாக ஒன்றுமில்லை என்பதையும் மறத்தலாகாது.

மாணவ நண்பர்களே! தனிமை தாங்காது பதவியை விட்டோட விரும்பிய ஒருவர், அந்தத் தனிமையைப் போக்கி நூலகத்தை மக்கள் நிறைந்த கலாசாலையாக மாற்றினார். நாம் செய்ய வேண்டுவது அத்துணைப் பெரிதன்று. நாளை நம் நூலகத்தின் படியேறுவோம், பட்டியலைப் பார்ப்போம், தெரியாததைக் கூசாது கேட்போம், வாயிலில் தயங்கி நிற்கும் புதுமாணாக்கன் ஒருவனைக் கண்டால் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்வோம். அதுவே நாம் அப்பேராசானுக்குச் செய்யும் நன்றிக்கடனாகும்.